நேட்டால் கப்பல் பட்டியல்: எண் தெரிந்தால் ஊர் தெரியும்

தென்னாப்பிரிக்கத் தமிழர் ஒருவர் தன் பூட்டன் எந்த ஊர்க்காரர் என்று தேடினால், கடைசியில் வந்து சேரும் இடம் கப்பல் பட்டியல்தான். 1860 முதல் 1911 வரை, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். அவர்களின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, டர்பனில் குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம் இலவசமாகப் பார்க்கத் தருகிறது. நேட்டால் தமிழருக்கு இதைவிட நல்ல கருவி வேறு கிடையாது. ஆனால் குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அது பட்டியலின் குறையல்ல, பட்டியலைத் திறக்கும் சாவி வேறு.

அந்தச் சாவி ஒரு எண். ஒவ்வொரு கூலிக்கும் நேட்டாலில் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் கைக்குழந்தைக்கும் தனித்தனி எண். சம்பளம், திருமணம், ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, திரும்பிப் போகும் கப்பல் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் ஆளை அடையாளம் காட்டியது. பட்டியலில் ஒரு வரியைத் திறந்தால் எண்ணுக்குப் பின்னால் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண் பெண், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், கப்பல், வந்த தேதி, முதலாளி என்று வரிசையாக வரும். ஆரம்ப காலக் கப்பல்களுக்கு இவற்றில் சில கட்டங்கள் காலியாக இருக்கும். உடல் அடையாளக் கட்டத்தில் 'இடது முழங்காலில் தழும்பு', 'நெற்றியில் வடு' என்பது போன்ற குறிப்புகள் இருக்கும். புகைப்படம் இல்லாத ஒரு மனிதரைப் பற்றிக் கிடைக்கிற ஒரே உடல் வர்ணனை பெரும்பாலும் அதுதான். அந்த வரியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

குடும்பப் பெயரை வைத்து ஏன் தேடக்கூடாது? 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதல், கடைசிக் கப்பலில் வந்தவர்கள் வரை, தமிழர்கள் ஒற்றைப் பெயரோடுதான் வந்தார்கள். முனியன், தகப்பன் பெரியசாமி. அவ்வளவுதான். இன்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வாசல் பலகையில் இருக்கும் கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு, படையாச்சி, பத்தர் எல்லாம் நேட்டாலில் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலோ பதிவு அலுவலகத்திலோ நிலைத்தவை. சில வீடுகளில் தாத்தாவின் பெயரே குடும்பப் பெயரானது. மூன்சாமி, வீரசாமி, சின்சாமி என்று முடியும் குடும்பங்கள் அப்படி வந்தவை. ஆகவே கோவெண்டர் வீட்டுப் பூட்டனைப் பெயர்க் கட்டத்தில் 'கோவெண்டர்' என்று தேடினால் அவர் அகப்பட மாட்டார். அவர் அங்கே முனியனாக, 'தகப்பன் பெரியசாமி'யாக உட்கார்ந்திருப்பார்.

ஜாதிக் கட்டம் பல வீடுகளில் முதல் அதிர்ச்சியைத் தருவதும் இதனால்தான். இன்றைய குடும்பப் பெயர் ஒன்றைச் சொல்லும், பட்டியல் வேறொன்றைச் சொல்லும். கப்பல் ஏறுமுன் கூலிகளைத் தங்கவைத்த மதராஸ் டிப்போவில் எழுத்தர் கேட்டதை எழுதினார், வந்தவர் சொல்ல விரும்பியதைச் சொன்னார், அதற்கு மேல் அந்தக் கட்டத்துக்குச் சாட்சியம் இல்லை. கடலைத் தாண்டிய பிறகு பட்டம் மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் மூடி வைத்திருந்த ஒரு செய்தி இங்கே திறந்தால் அதை அவமானமாக எண்ண எந்த நியாயமும் இல்லை. புதிய மண்ணில் தன்னை வேறு பெயரால் அழைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை இருந்தது. அந்த உரிமைக்காகவே சிலர் கப்பல் ஏறினார்கள்.

இனி எண்ணைத் தேடும் வேலை. முதல் இடம் வீட்டுத் தகரப்பெட்டி. இனவாரியாக வாழிடம் பிரித்த 1950-இன் குழு வாழிடச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களில் எத்தனையோ காகிதங்கள் போய்விட்டன. ஆனாலும் பழைய பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, விடுதலைச் சீட்டு, நில ஒப்பந்தம் இவற்றில் ஏதாவது ஒன்று ஏதாவது ஒரு சித்தப்பா வீட்டில் மிஞ்சியிருக்கும். நேட்டாலில் பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளையின் பிறப்புப் பதிவில் தகப்பன் எண்ணும் தாய் எண்ணும் எழுதும் வழக்கம் இருந்தது. அந்த ஒரு காகிதம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைக்காவிட்டால் உள்துறை அலுவலகம். இங்கே ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. பிஐ-154 படிவத்தை நிரப்பி 'முழுச் சான்றிதழ்' கேட்கிறார்கள், பெற்றோர் பெயரோடு கணினியில் அச்சடித்த தாள் வருகிறது, அதில் எண் இருக்காது. கேட்க வேண்டியது 'வால்ட் காப்பி', அதாவது பழைய பதிவேட்டுப் பக்கத்தின் நகல். எழுத்தர் கையால் ஓரத்தில் எழுதிய எண் அதில்தான் இருக்கும். முகப்பில் அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள், விண்ணப்பத்திலும் எழுதுங்கள். வர மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் முதலில் எந்தத் தலைமுறைக்குக் கேட்பது என்று யோசியுங்கள். உங்கள் தாத்தா நேட்டாலில் பிறந்த முதல் தலைமுறை என்றால் அவருடைய பதிவையே கேளுங்கள். அவருக்குப் பின் பிறந்தவர்களின் பதிவில் எண் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

எண் கையில் வந்ததும் அதன் அளவைப் பாருங்கள். 1860 முதல் 1866 வரை வந்தவர்கள் சுமார் 6,400 பேர். அதன் பிறகு 1874 வரை ஆள் இறக்குமதி நின்றிருந்தது. ஆகவே நான்கு இலக்க எண்ணில் சிறியதாக இருந்தால் முதல் அலையில் வந்தவர், ஆறு இலக்கமாக இருந்தால் இருபதாம் நூற்றாண்டுக்காரர். 'பூட்டன் முதல் கப்பலிலேயே வந்தவர்' என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும் கதையைச் சரிபார்க்க இந்தக் கணக்கே போதும். ட்ரூரோவில் வந்தவர்கள் 342 பேர்தான். அதற்கு உரிமை கொண்டாடும் குடும்பங்கள் அதைவிட எத்தனையோ மடங்கு.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரியைக் கண்டதும் அதற்கு மேலே பத்து, கீழே பத்து வரிகளைப் படியுங்கள். ஒரே குடும்பமாக வந்தவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து விழும். பூட்டனுக்கு அடுத்த எண்ணில் ஒரு பெண், அதற்கடுத்து எட்டு வயதுப் பையன், அவன் தகப்பன் பெயர்க் கட்டத்தில் பூட்டன் பெயர் என்று வந்தால், வீட்டில் யாரும் சொல்லாத ஒரு பெரிய தாத்தா கிடைத்துவிட்டார். அதே கிராமத்துப் பெயர் இன்னும் மூன்று வரிகளில் வந்தால் அவர்கள் கூட்டாகப் புறப்பட்டவர்கள். பின்னாளில் சம்பந்தம் செய்துகொண்ட வீடுகள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கும். கூடவே ஒரு எச்சரிக்கை: நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று சட்டம் விகிதம் வைத்திருந்தது. தனியாக வந்த பெண்கள் நிறைய. டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்களும் உண்டு. அடுத்த எண் என்பதாலேயே மனைவி என்று முடிவு கட்டாமல், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாய் எண் என்ன என்று ஒத்துப் பாருங்கள்.

எண்ணே கிடைக்காதவர்களுக்குப் பெயர்த் தேடல்தான் வழி, அது பொறுமை கேட்கும் வேலை. எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனுசாமி, முனிசாமி, மூன்சாமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். சின்னத்தம்பி 'சி' (C) எழுத்தில் ஒருமுறையும் 'எஸ்' (S) எழுத்தில் ஒருமுறையும் தொடங்குவார். எல்லம்மாள் 'ஈ' (E) எழுத்திலும் 'ஒய்' (Y) எழுத்திலும் தொடங்கி எல்லம்மா, யெல்லம்மா என்று அலைவார். ஆறுமுகத்தின் நடு உயிர் விழுந்து ஆர்மூகம் ஆகும். உயிரெழுத்துகளை விட்டுவிட்டு மெய்களின் வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், ஊகாரத்துக்கு இரட்டை 'ஓ' போட்டும் ஒற்றை 'யூ' போட்டும் இருமுறை தேடுங்கள். பெயரோடு தகப்பன் பெயரும் முதலாளி பெயரும் சேர்ந்து பொருந்தினால்தான் நம்பலாம். முனுசாமிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 'மவுண்ட் எட்ஜ்கோமில் கரும்பு வெட்டினார்', 'ரயில்வேயில் தண்டவாளம் போட்டார்' என்று ஆயாக்கள் சொன்ன ஒரு வரி இங்கே தங்கம். முதலாளிக் கட்டத்தில் சர்க்கரை எஸ்டேட்டா, நேட்டால் அரசு ரயில்வேயா என்பது இருக்கும்.

ஊர்ப் பெயரில் நடக்கும் தப்புகளைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்பி விமான டிக்கெட் எடுக்கிறார்கள். பட்டியலில் இருப்பது அன்றைய ஜில்லா. வட ஆற்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மட்டுமல்ல. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை சித்தூரும் திருப்பதிப் பக்கமும் அதற்குள்ளேதான். வட ஆற்காடு என்று எழுதியிருப்பதால் தமிழ் வீடு என்று சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டு ஜில்லாவுக்குள் இன்றைய காஞ்சிபுரமும் திருவள்ளூரும் அடக்கம். சேலம் ஜில்லாவுக்குள் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மட்டுமல்ல, அன்றைக்குத் திருப்பத்தூர் தாலுகாவும் இருந்தது. மதுரை ஜில்லாப் பக்கம், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், இன்னொரு திருப்பத்தூர் உண்டு. ஜில்லாவைப் பார்க்காமல் தாலுகாவை மட்டும் கூகுள் வரைபடத்தில் போட்டால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்குவீர்கள். புதூர், நல்லூர், பாளையம் என்று முடியும் கிராமங்கள் ஒரு தாலுகாவுக்குள்ளேயே நான்கைந்து இருக்கும். அங்கே போய்ப் பதிவு அலுவலகத்தில் 1880-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவைக் கேட்பதைவிட, அந்தப் பெயரில் எத்தனை ஊர் உண்டு, எந்த ஊரில் எந்தத் தெய்வம் என்று விசாரித்துக் குலதெய்வத்தின் பெயரோடு ஒத்துப் பார்ப்பது பயன் தரும். நேட்டால் வீடுகளில் மொழி போன பிறகும் குலதெய்வத்தின் பெயர் பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

பட்டியலில் இல்லாதவர்களும் உண்டு. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகள், தட்டார்கள், மொரிஷியஸ் வழியாக வந்தவர்கள் யாரும் இதில் கிடையாது. ஜோஹன்னஸ்பர்க் தமிழர்களில் இப்படிப்பட்ட குடும்பங்கள் அதிகம். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தம்பி நாயுடு மொரிஷியஸில் பிறந்தவர். 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் தகப்பனார் வியாபாரியாக வந்தவர். ஜோஹன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வால் பகுதிக் குடும்பமாக இருந்து பட்டியலில் ஒன்றும் அகப்படாவிட்டால், பட்டியலைக் குற்றம் சொல்லாமல் அடுத்த சேவைக்குப் போங்கள்.

அது தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடல் அட்டவணை, சுருக்கமாக நாயர்ஸ். இதுவும் இலவசம். ஆனால் இதில் ஆவணம் இருக்காது, ஆவணம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற விலாசம் மட்டும் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் 'ஒன்றும் திறக்கவில்லை' என்று கைவிடுகிறவர்கள் பலர். தரவுத்தளத்தில் என்.ஏ.பி. (NAB) என்றால் நேட்டாலின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம், டி.ஏ.பி. (TAB) என்றால் டிரான்ஸ்வால். எது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடும் ஆர்.எஸ்.ஏ.-வைத் தேர்ந்தெடுங்கள். முடிவில் 'லீர்' என்று வருவதைக் கண்டு திகைக்க வேண்டாம், ஆப்ரிக்கான்ஸில் அதற்குக் கோப்பு என்று பொருள். மூலக் கட்டத்தில் எம்.எஸ்.சி.ஈ. என்றால் இறந்தவர் சொத்துக் கோப்பு. ஐ.ஐ. என்றால் இந்தியக் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துத் தாள்: முறையீடு, திருமணத் தகராறு, திரும்பிப் போக மனு. மூலம், தொகுதி எண், குறிப்பு எண் மூன்றையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விட்டாலும் காப்பகத்தில் பெட்டி வராது.

சொத்துக் கோப்புதான் குடும்ப ரகசியங்களின் உறைவிடம். அதன் முதல் தாளான மரண அறிவிப்பில் இறந்தவரின் பிறந்த இடம், பெற்றோர் பெயர், தொழில், மனைவி, உயிரோடிருக்கும் பிள்ளைகள், மேஜரா மைனரா, வீடு நிலம் உண்டா என்று ஒவ்வொன்றும் இருக்கும். இரண்டாவது குடும்பம் வெளிப்படுவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள் வரிசையில்தான். யார் கையெழுத்துப் போட்டார் என்பதைக் கடைசியில் பாருங்கள். மகன் சொன்னது, அடுத்த வீட்டுக்காரர் சொன்னது இரண்டுக்கும் நம்பகம் வேறு. இறந்தவரின் அம்மா பெயரை மருமகன் தப்பாகச் சொல்லியிருப்பது சர்வ சாதாரணம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய பதிவுகளில் பிள்ளையின் பெயரோடு 'முறைகேடாகப் பிறந்தது' என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல் இருக்கும். அதைப் பார்த்து அழுத பேத்திகள் இருக்கிறார்கள். அழ வேண்டியதில்லை. தாலி கட்டி, ஊர் கூட்டிச் செய்த கல்யாணத்தை அன்றைய சட்டம் கல்யாணமாகவே ஏற்கவில்லை. பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். எஸ்டேட்டிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் போய்வர விடுப்பும் சீட்டும் வேண்டும். 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பு, பலதார மணத்துக்கு இடம் கொடுக்கும் மத முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று சொல்லி எத்தனையோ மனைவிகளைச் சட்டத்தின் கண்ணில் மனைவியல்லாதவர்கள் ஆக்கியது. அந்த ஆண்டுப் போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் சிறைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். 1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்துதான் ஓரளவு சரியானது. ஆகவே அந்தச் சொல்லுக்கு 'திருமணம் பதிவாகவில்லை' என்பதற்கு மேல் எந்தப் பொருளும் கொடுக்காதீர்கள். உங்கள் ஆயாவின் ஒழுக்கத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு நேரில் போக முடியாதவர்கள் ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தை முதலில் பாருங்கள். கணக்குத் தொடங்க மின்னஞ்சல் போதும், கட்டணம் இல்லை. 1846 முதல் 1950 வரையிலான பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகளின் தொகுப்பு அங்கே இருக்கிறது. பெயர்த் தேடலில் வராததெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். நாயர்ஸில் எடுத்த ஆண்டும் குறிப்பு எண்ணும் இருந்தால் படச்சுருளைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். இந்தத் தளத்தின் பலவீனம் அதன் பொது வம்ச மரம். ஒரே மரத்தில் யார் வேண்டுமானாலும் கிளையை மாற்றலாம். முனுசாமி என்ற பெயர் ஒத்ததாலேயே இரண்டு குடும்பங்களை ஒட்டிவிட்ட இணைப்புகள் அங்கே ஏராளம். ஆவணங்களை அங்கே தேடுங்கள், மரத்தை உங்கள் கணினியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎன்ஏ சோதனைக்கு இந்த வேலையில் சிறிய இடம்தான். மைஹெரிடேஜ் போன்ற நிறுவனத்தின் பொட்டலத்தில் கன்னத்தின் உட்புறம் தேய்க்க இரண்டு குச்சிகள் வரும், செய்வது எளிது. முடிவில் வரும் 'தென்னிந்தியர்' என்ற சதவீதத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, அது கண்ணாடியே சொல்லும். பயன் இருப்பது உறவினர் பட்டியலில். சாதாரணமாகச் சித்தப்பா பிள்ளைகளுக்குள் 850 சென்டிமார்கன் (டிஎன்ஏ பகிர்வை அளக்கும் அலகு) அளவில் பகிர்வு இருக்கும், தாத்தாவின் அண்ணன் தம்பி வழியில் வரும் பேரப்பிள்ளைகளுக்குள் 230 அளவில், அதற்கும் ஒரு தலைமுறை தள்ளினால் எழுபது சொச்சம். ஆனால் அத்தை மகனைக் கட்டுவதும் அக்காள் மகளைக் கட்டுவதும் வழக்கமாக இருந்த நம் வீடுகளில் இந்தக் கணக்கு ஏறிவிடும், தூரத்து உறவு கிட்டத்து உறவாகத் தெரியும். தமிழ்நாட்டில் தங்கிவிட்ட பூட்டனின் தம்பி வம்சத்தைக் கண்டுபிடிக்க இதை நம்பினால் இன்னொரு சிக்கல்: அவ்வளவு தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும், இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் அளவிடக்கூடிய பகிர்வே இருக்காது. டர்பனிலேயே பிரிந்துபோன இரண்டாவது குடும்பத்தை உறுதிப்படுத்த மட்டும் சோதனை நன்றாக உதவும். அதற்கு வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரின் மாதிரியை எடுங்கள், உங்களுடையதைவிட அது ஒரு தலைமுறை நெருக்கம். எடுப்பதற்கு முன் என்னவெல்லாம் வெளிப்படலாம் என்று அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

பணம் வாங்கித் தேடித் தருபவர்களிடம் போவதென்றால் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒவ்வொரு முடிவுக்கும் காலனி எண்ணும், அது எழுதியிருக்கும் பக்கத்தின் படமும் தர வேண்டும். அச்சடித்த அழகான வம்ச மரம் மட்டும் தருகிறேன் என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். கோப்பு எண் தெரிந்தவர்கள் காப்பகத்தில் ஒரு நாள் வேலைக்கு ஆள் வைப்பது சிக்கனம். எதுவும் தெரியாமல் 'எங்கள் குடும்பத்தைத் தேடுங்கள்' என்று ஒப்படைப்பது செலவு.

பட்டியலின் வரியைக் கண்டுபிடித்த அன்றே திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, எண்ணையும் கப்பலையும் கையால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குறிப்புக் கட்டத்தில் 'திரும்பினார்' என்று ஒரு கப்பல் பெயர் இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். அப்படி இருந்தால் பூட்டன் பிள்ளைகளை நேட்டாலில் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கலாம், ஊரில் இன்னொரு குடும்பம் இருக்கலாம், அல்லது சில ஆண்டுகள் கழித்து வேறொரு எண்ணோடு மறுபடி வந்திருக்கலாம். பிந்தைய ஆண்டுகளின் பட்டியலில் அதே பெயர், அதே தகப்பன், அதே கிராமம், அதே தழும்பு என்று தேடிப் பாருங்கள்.